சிறுவாய் பாஸ் மீனுக்கு எந்த உயிர் இரையைத் தெரிவு செய்வது?

கேள்வி: அட்டனிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். அங்கே எனக்கு அகப்படுபவை பெரும்பாலும் திலாப்பியாவும் கார்ப் மீனும்தான். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிய உருண்டையும், மாட்டுப்பட்டிக்குப் பின்னாலுள்ள எருக்குவியலைக் கிளறி எடுக்கும் சிவந்த மண்புழுவும் இவ்விரண்டுக்கும் போதுமானவையாக இருந்தபடியால், எந்த இரையைத் தெரிவு செய்வது என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை.

இப்போது வந்திருக்கிறது. வருகிற ஜூலை மாதத்தில் நானும் மனைவியும் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் மகளின் வீட்டுக்குப் போகிறோம். மருமகன் விடுமுறை நாள்களில் கவார்த்தா ஏரிகளுக்குப் போய்ச் சிறுவாய் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பவர். அவர் பிளாஸ்டிக்காலும் உலோகத்தாலும் செய்த செயற்கை இரைகளையே பாவிக்கிறார். நான் உயிர் இரையோடு பழகியவன் என்பது தெரிந்ததால், “மாமா, உங்களுக்கான இரையை நீங்களே தெரிவு செய்யுங்கள், நான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று சொல்லி, அந்தக் கடையின் குளிர்சாதனப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் மண்புழு ஒரு பெட்டி, சிறு மீன் ஒரு தொட்டி, அட்டை ஒரு டப்பா என்று வரிசையாக இருக்கின்றன.

அட்டையைப் பார்த்ததும் என் மனைவி திகைத்துப் போனார். முப்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர் அவர். மழைக்காலத்தில் முழங்கால் வரை சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்குப் போய், மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து கணுக்காலில் ஒட்டியிருப்பவற்றை உப்புத் தடவிக் கழற்றியவர். அதே பிராணியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்கிறார்.

எனவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். இந்த மீனுக்கு ஜூலை மாதத்தில் மிகப் பொருத்தமான உயிர் இரை எது? கடையில் விற்கும் அட்டையும் எங்கள் தேயிலை மலை அட்டையும் ஒன்றுதானா? கிரேஃபிஷ் என்ற ஒன்றைத்தான் இந்த மீன் மிகவும் விரும்பும் என்று மருமகன் சொல்கிறார். ஆனால் அந்தக் கடையில் அது இல்லை. அதன் காரணமும் எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1: ரொறன்ரோவுக்கு அருகிலிருந்து, மஸ்கெலியாவில் பிறந்தவர்

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வி என்னை மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கக் கரைக்கே கொண்டுபோய்விட்டது. பதினேழு ஆண்டுகளாக இந்த மீனைத் தேடி அலைபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் இரை அதிலிருந்துதான் தீர்மானமாகிறது. சிறுவாய் பாஸ் தெளிந்த, குளிர்ந்த, கல்லும் பாறையுமான நீரை விரும்பும் மீன். வெண்கல நிறமான உடம்பில் மங்கலான கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடும். கண் பெரும்பாலும் சிவந்திருக்கும். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகாது. அதன் உறவான பெருவாய் பாஸுக்குத் தாடை கண்ணையும் தாண்டி நீளும், அது பாசியும் செடியும் மண்டிய இடத்தில் கிடக்கும். சிறுவாய் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. உங்கள் கார்ப் மீன் சேற்றை முகர்ந்து, இரையை வாயில் எடுத்துத் துப்பி, மீண்டும் எடுக்கும் பழக்கமுள்ளது. இதுவோ அசைகிற ஒன்றைக் கண்டால் பாய்ந்து வந்து விழுங்கிவிடும். ஆகவே மா உருண்டையை மறந்துவிடுங்கள். இரை உயிரோடு இருப்பது மட்டும் போதாது, நீருக்குள் அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஜூலை மாதத்துக்கு என் தெரிவு அட்டைதான். தயங்காமல் சொல்கிறேன்.

உங்கள் மனைவியின் ஐயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கப்படுவது நம் தேயிலை மலை அட்டையின் தூரத்து உறவு மட்டுமே. நம் அட்டை தரையில் வாழ்ந்து, இலை நுனியில் எழுந்து நின்று, வருகிறவர் காலைத் தேடி இரத்தம் குடிப்பது. இங்கே இரைக்கு விற்கும் நாடா அட்டை குளங்களில் வாழ்வது. அது இரத்தம் குடிப்பதில்லை, நீரிலுள்ள சிற்றுயிர்களையும் செத்த பிராணிகளின் எச்சத்தையும் தின்று வாழ்கிறது. உள்ளங்கையில் வைத்தால் வாலிலுள்ள உறிஞ்சியால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கடிக்காது. நீரில் விட்டதும் அதன் சுருண்ட உடம்பு தட்டையாகி, ஒரு சாண் நாடாவைக் காற்றில் பிடித்ததுபோல மேலும் கீழுமாக அலையெழுப்பி நீந்தும். அந்த அலைதான் பாஸ் மீனை இழுக்கிறது.

அட்டையை நான் முதலிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் இந்த ஏரிகளின் கரையோரமெல்லாம் சூரியமீன் என்னும் உள்ளங்கை அளவு மீன்களும், மஞ்சள் பேர்ச் என்னும் மீன்களும் நிறைந்திருக்கும். மண்புழுவைப் போட்டால், பாஸ் வருவதற்கு முன்பே இவை கொத்திக் கொத்தி முள்ளை வெறுமையாக்கிவிடும். அட்டையின் தோல் தடிப்பானது, எளிதில் கிழிபடாது. ஒரே அட்டையில் மூன்று பாஸ் பிடித்த நாள்களும் எனக்கு உண்டு. வாலிலுள்ள பெரிய உறிஞ்சியின் நடுவே 6 அல்லது 8 ஆம் இலக்க மெல்லிய முள்ளை ஒருமுறை மட்டும் ஏற்றுங்கள். தலைப்பக்கம் சுதந்திரமாக இருந்தால் அது விலகி நீந்த முயன்றுகொண்டே இருக்கும். முள்ளுக்கு ஒன்றரை அடி மேலே தங்கூசியில் (தூண்டில் நூலில்) மிளகளவு ஈயக் குண்டு ஒன்றைக் கடித்து வையுங்கள், அது போதும். பெரிய ஈயத்தைக் கட்டினால் அட்டை அடியில் போய்க் கல்லுக்கடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அட்டை எல்லாக் காலத்துக்கும் உதவாது. நீர் 10 பாகை செல்சியஸை நெருங்கிக் குளிர்ந்துவிட்டால் அது முள்ளிலேயே பந்தாகச் சுருண்டுகொள்ளும், பிறகு பயனில்லை. முட்டையிட்டு முடிந்ததும் வளர்ந்த அட்டைகள் இறந்துவிடுவதால், கோடையின் கடைசியில் கடைகளிலும் அது அருமையாகிவிடும்.

கிரேஃபிஷைப் பற்றி உங்கள் மருமகன் சொன்னது முழு உண்மை. சிங்கி இறாலைச் சுண்டுவிரல் அளவுக்குச் சிறிதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் நன்னீர்ப் பிராணி அது. நம் நாட்டு ஓடைகளில் இயற்கையாக அது இல்லை. கல் நிறைந்த ஏரியிலும் ஆற்றிலும் வளர்ந்த சிறுவாய் பாஸின் வயிற்றை அறுத்தால், கோடைக்காலத்தில் அதன் ஓட்டுத்துண்டுகளே அதிகம் இருக்கும். தோலுரித்துச் சில மணி நேரமான, ஓடு இன்னும் மென்மையாக இருக்கும் கிரேஃபிஷைப்போன்ற இரை வேறில்லை. அது கடையில் இல்லாததற்குக் காரணம் சட்டம். ஒன்ராறியோவில் கிரேஃபிஷை எந்த நீர்நிலையில் பிடித்தீர்களோ அந்த நீர்நிலையிலேயே பாவிக்க வேண்டும். தரைவழியாக வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது, ஒருவர் 36 க்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. எனவே அந்த ஏரிக்கரையிலேயே கல்லைப் புரட்டித்தான் பிடிக்க வேண்டும். நம் ஓடைகளில் சிறுவயதில் நண்டு பிடித்த கைக்கு அது ஒன்றும் கடினமான வேலையல்ல. கல்லை மெதுவாகத் தூக்கி, கலங்கிய நீர் தெளியும் வரை காத்திருந்து, பின்னால் ஒரு வலையை வைத்துக்கொண்டு முன்னால் விரலை நீட்டுங்கள். அது முன்னால் ஓடாது. வாலை ஒருமுறை மடக்கி அடித்துப் பின்னோக்கித் தானே வலைக்குள் பாயும். முள்ளையும் அதனால்தான் வாலின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஏற்ற வேண்டும். இழுக்கும்போது அது தப்பியோடும் பாவனையில் பின்னோக்கி வரும். ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் நீளமானது போதும்.

மண்புழு எப்போதும் கைகொடுக்கும், குறிப்பாக மழைக்குப் பின் நீர் சற்றுக் கலங்கியிருக்கும்போதும் ஆற்றோட்டத்திலும். இங்கே விற்பது ஒரு சாணுக்கு மேல் நீளும் பெரிய இராப்புழு. உங்கள் எருப்புழுவைப்போல அதை முழுவதும் கோர்த்துச் சுருட்டக் கூடாது. தலைப்பக்க நுனியில் மட்டும் ஏற்றி, வால் முழுவதையும் தொங்கவிட வேண்டும். அந்தப் புழு வருகிற விதத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தென்மேற்கு ஒன்ராறியோவின் வயல்களில் மழை பெய்த இரவுகளில், தொழிலாளர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு கால்களிலும் ஒவ்வொரு டின்னைக் கட்டிக்கொண்டு, விடியும்வரை குனிந்தபடியே கையால் அவற்றைப் பிடிக்கிறார்கள். ஒரு டின்னில் புழு, மற்றதில் விரல் வழுக்காமலிருக்க மரத்தூள். கூலி ஆயிரம் புழுவுக்கு இவ்வளவு என்ற கணக்கு. கொழுந்தை நிறுத்துப் பேர் (நாள் கூலி) போட்ட குடும்பத்தில் பிறந்த நான், அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

சிறு மீன் இரை இலையுதிர் காலத்துக்கு உரியது. நீர் குளிரத் தொடங்கும்போது பாஸ் பெரிய இரையைத் தேடும், அப்போது அதற்கு ஈடில்லை. ஜூலையில் வாளியின் நீர் சூடாகி அவை செத்துக்கொண்டேயிருக்கும். நீங்கள் அதை விட்டுவிடலாம்.

மறுமொழி 2: நுவரெலியாவிலிருந்து, உயிரியல் ஆசிரியை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மேலே எழுதிய சகோதரர் கிரேஃபிஷ் பற்றிய சட்டத்தைச் சொன்னார், ஆனால் அது ஏன் வந்தது என்பதைச் சொல்லவில்லை. இரையைத் தெரிவு செய்யும்போது அதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வட அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றுப் படுகைக்கு உரிய துருநிற கிரேஃபிஷ் என்ற இனம், தூண்டில்காரர்களின் இரை வாளிகள் வழியாகவே வடக்கிலுள்ள ஏரிகளுக்குப் பரவியது என்று கருதப்படுகிறது. கவார்த்தா ஏரிகளும் அவற்றில் அடங்கும். மீதமான இரையை வீணாக்க மனமில்லாமல், நல்லெண்ணத்தோடு நீரில் விட்டவர்களே பெரும்பாலானோர். அந்த இனம் உள்ளூர் கிரேஃபிஷை அதன் கல்லுக்கடியிலிருந்து துரத்துகிறது, மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும் நீர்ச்செடிகளை அடியோடு வெட்டித் தள்ளுகிறது. உள்ளூர் இனம் மீனைக் கண்டால் தப்பி ஓடும். இதுவோ கொடுக்குகளை உயர்த்திக்கொண்டு எதிர்த்து நிற்பதால் மீன்களும் இதைக் குறைவாகவே உண்கின்றன. பாஸ் மீனுக்கு இரையாகப் போன ஒன்று அந்த ஏரியில் பாஸ் குஞ்சு வளரும் இடத்தையே அழிப்பதாக முடிந்தது.

இது தூர தேசத்துச் செய்தி என்று நாம் நினைக்க முடியாது. 1880களில் ஆங்கிலேயர் தங்கள் பொழுதுபோக்குக்காக ட்ரவுட் மீனை நம் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். வானவில் ட்ரவுட் இன்றும் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கிறது. அதே ஓடைகளில்தான், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு நன்னீர் இறால் இனம் வாழ்கிறது. அதை இந்த ட்ரவுட் தின்கிறது. இலங்கையின் நன்னீர் நண்டு இனங்கள் ஐம்பது அளவில் இருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ எல்லாமே இந்தத் தீவுக்கு மட்டும் உரியவை. தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரையில் பிள்ளைகள் பிடித்து விளையாடும் சிறு நண்டு, அடுத்த மலைத்தொடரில் இல்லாத ஓர் இனமாக இருக்கக்கூடும். மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ மீனை, வளர்ந்ததும் ஆற்றில் விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது. என் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முதலில் கேட்பது, “பாவம் டீச்சர், கொன்றா போடுவது?” என்பதுதான். அந்தக் கேள்வியிலுள்ள இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கத்துக்கு ஓர் ஓடையிலுள்ள மற்ற எல்லா உயிர்களும் விலை கொடுக்கின்றன.

வாளியிலுள்ள பிராணி மட்டுமல்ல, அதன் நீரும் ஆபத்தானதே. கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் நோய்க்கிருமிகளும் அதில் வரும். 2005 இல் ஒன்ராறியோ ஏரியின் குயின்டி குடாவில் மீன்கள் பெருமளவில் இறந்தபோது, அதற்குக் காரணமான இரத்தக்கசிவு நோயை உண்டாக்கும் வைரஸ் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு இரை மீன்களை இடம்விட்டு இடம் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இப்போது அந்த மாகாணத்தை இரை வலயங்களாகப் பிரித்து, இரை மீனையும் அட்டையையும் ஒரு வலயத்திலிருந்து மற்றதற்குக் கொண்டுபோவதைப் பொதுவாகத் தடைசெய்திருக்கிறார்கள். ஆகவே தூண்டில் போடும் ஏரிக்கு அருகிலுள்ள கடையிலேயே வாங்கி, சிட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மண்புழுவுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பனிப்பாறைகள் மூடியிருந்த அந்த வடக்குக் காடுகளில் இயற்கையாக மண்புழுவே இல்லை. கடையில் விற்கும் பெரிய புழு ஐரோப்பாவிலிருந்து வந்தது. நம் தோட்டத்தில் மண்புழு மண்ணுக்கு நண்பன். அங்கே அது காட்டின் இலைச்சருகுப் போர்வையைத் தின்று தீர்த்து, அதை நம்பி முளைக்கும் செடிகளை அழிக்கிறது. மீதமான புழுவைக் கரையில் கொட்டாமல், பெட்டியோடு குப்பையில் போடச் சொல்வது அதனால்தான்.

மறுமொழி 3: மவுஸ்ஸாகலைக் கரையிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். எனக்குப் பாஸ் மீனைத் தெரியாது. அந்த மீனைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் இரை பிடிப்பதும் அதை உயிரோடு காப்பதும் எனக்குத் தெரிந்த வேலை என்பதால், மேலே அண்ணன் சொன்ன ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அட்டை மிகச் சிறந்த இரையாக இருக்கட்டும். ஆனாலும் ஐயா முதல் நாளில் மண்புழுவோடு தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். நாற்பது ஆண்டுகளாக அவர் விரல் பழகியிருப்பது புழுவோடுதான். மீன் புதிது, நீர் புதிது, கோலும் புதிது. இரையுமா புதிதாக இருக்க வேண்டும்? தெரிந்த இரையில் சிறு மீன்களின் கொத்தலைக் கொஞ்ச நேரம் விரலில் வாங்கிப் பார்த்தால், அவற்றுக்கு நடுவே பாஸ் வந்து இழுக்கும்போது வேறுபாடு தானாகத் தெரியும். அதன் பிறகு அட்டைக்கு மாறலாம்.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். மாசி, பங்குனியில் மவுஸ்ஸாகலை நீர் இறங்கும்போது, 1969 இல் அணை கட்டியதால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரியும். கோயிலைப் பார்க்கக் கூட்டம் வரும். நான் பார்ப்பது இன்னும் நீருக்குள் இருக்கும் கற்கட்டுகளையும் பழைய வீதியின் ஓரத்தையும். நீர் மீண்டும் ஏறியதும், கல் இருந்த அந்த இடங்களில்தான் பூச்சியும் இறாலும் கூடும், மீனும் அங்கேதான் வரும். பாஸ் மீன் பாறையை விரும்பும் என்று அண்ணன் எழுதியதைப் படித்தபோது, ஐயா காசல்ரீயில் கல் தேடிப் பழகிய கண்ணையே அங்கேயும் நம்பலாம் என்று தோன்றியது.

உயிர் இரையைக் கெடுப்பது வெயிலைவிட நம் கைதான். நான் புழு வைத்திருப்பது ஆணியால் துளையிட்ட செமன் டின்னில், பிழிந்த ஈரப் பத்திரிகைத் தாளுக்கு நடுவே. ஈரம் சொட்டினால் புழு வெளுத்துவிடும், காய்ந்தால் சுருண்டுவிடும். தாளைக் கையில் பிழிந்தால் ஒரு துளியும் விழக் கூடாது, ஆனால் விரல் நனைய வேண்டும். அட்டைக்கு இதைவிடக் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். உப்பும் சவர்க்காரமும் அட்டையை என்ன செய்யும் என்பதை ஐயாவின் வீட்டிலேயே நன்றாக அறிந்தவர் இருக்கிறார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, அல்லது நுளம்புக்குப் பூசும் திரவத்தைப் பூசிவிட்டு அட்டை டப்பாவுக்குள் விரலை விட்டால், காசு கொடுத்து வாங்கியது எல்லாம் வீணாகிவிடும். ஏரி நீரிலேயே கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு தொடுங்கள்.

கேட்டவர் மீண்டும்: அட்டனிலிருந்து

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளை மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். கடிக்காத அட்டையும் உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. தானே கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாஸ் மீன் பாய்ந்து வந்து விழுங்கிவிடும் என்று தம்பி எழுதியிருந்தார். மருமகன் பிடித்த மீனைப் பெரும்பாலும் மீண்டும் நீரிலேயே விட்டுவிடுபவர். உயிர் இரையில் முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் அந்த மீன் பிழைக்காதே, அதற்கு என்ன செய்வது? அடுத்தது, எனக்கு வயது 67. அங்கே 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். அது எனக்கும் பொருந்துமா?

மறுமொழி 4: ரொறன்ரோவுக்கு அருகிலிருந்து, மஸ்கெலியாவில் பிறந்தவர்

அனுமதிப்பத்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா. 65 வயதுச் சலுகை கனடாவில் வதிபவர்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 18 வயதைத் தாண்டியிருந்தால், எத்தனை வயதானாலும் வெளிநாட்டவருக்கான அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். நீங்கள் வந்து சேர்வதற்குள் மருமகன் இணையத்தில் அதற்கான விவரங்களைப் பார்த்து வைத்தால் நல்லது. பாஸ் பிடிக்கும் பருவத்தைப் பற்றி ஜூலையில் கவலையில்லை. தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் பாஸை வைத்துக்கொள்ளும் பருவம் ஜூன் பிற்பாதியில் தொடங்கிவிடும். அதற்கு முன்பு, நீர் 15 பாகையைத் தாண்டும் வசந்த காலத்தில், ஆண் மீன் கூழாங்கற்களை வாலால் விலக்கிக் கூடு செய்து, முட்டையையும் குஞ்சுகளையும் தனியாகக் காத்து நிற்கும். அந்த நேரத்தில் அதைச் சில நிமிடம் கூட்டிலிருந்து தூக்கிவிட்டால் போதும், சூரியமீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். பருவத் தடை அதற்காகத்தான்.

முள் விழுங்கப்படுவதைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, உயிர் இரையின் பெரிய குறையே அதுதான். வட்ட முள் என்று கடையில் கேளுங்கள். அதன் கூர் நேராக மேல்நோக்கி இராமல், தண்டை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். மீன் அதை விழுங்கினாலும், தங்கூசி மெதுவாக இறுகும்போது அது தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து பெரும்பாலும் வாயின் ஓரத்தில் மாட்டும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கோலை வெட்டி இழுக்கக் கூடாது. கார்ப் மீனுக்குப் பழகிய கை, இழுவை தெரிந்தவுடன் தானாகவே கோலை மேலே வெட்டும். வட்ட முள்ளில் அப்படிச் செய்தால் மீனின் வாயிலிருந்து இரை வெளியே வந்துவிடும். கோலைத் தாழ்த்தி, உருளையைச் சுற்றி, மீனின் பாரம் தெரியும்வரை இறுக்கிக்கொண்டே வாருங்கள். சாதாரண முள்ளைப் பாவித்தால் இதற்கு நேர்மாறாக, இழுவை தெரிந்த மறுகணமே வெட்ட வேண்டும், விழுங்க நேரம் கொடுக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் மேலாக முள் ஆழத்தில் இறங்கிவிட்டால், அதைப் பிடுங்க முயல வேண்டாம். தங்கூசியை வாய்க்கு அருகில் வெட்டி மீனை விட்டுவிடுங்கள். பிடுங்குவதைவிட அப்படி விடும்போதுதான் அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், படம் எடுப்பதற்காக நீண்ட நேரம் நீருக்கு வெளியே வைத்திருக்கவும் வேண்டாம்.

மவுஸ்ஸாகலைத் தம்பி சொன்ன யோசனையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் காலையில் மண்புழு, மிதவைக்குக் கீழே ஆறேழு அடி ஆழத்தில், பாறை சரிந்து ஆழமாகும் விளிம்பில். சூரியமீன்கள் கொத்தட்டும், உங்கள் விரல் அவற்றைப் படித்துக்கொள்ளட்டும். வெயில் ஏறியதும் பாஸ் ஆழத்துக்குப் போய்விடும். மாலையில் நிழல் விழும்போது அதே விளிம்புக்குத் திரும்பி வரும்போது அட்டையை எடுங்கள். டப்பாவைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள், பனிக்கட்டியின் மேல் நேராகப் படாமல் வைத்து, அதன் நீரை நாளுக்கு ஒருமுறையாவது குளிர்ந்த, குளோரின் இல்லாத நீரால் மாற்றச் சொல்லுங்கள். அப்படி வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக உயிரோடிருக்கும். பழைய நீரை ஏரியிலோ அதன் கரையிலோ ஊற்றக் கூடாது. நீர்நிலையிலிருந்து 30 மீற்றருக்கு உள்ளே கொட்டுவது இங்கே குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புல்தரையில் ஊற்றிவிடலாம்.

மருமகனிடம் இப்போதே ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஆகஸ்ட் வந்துவிட்டால் நல்ல அட்டை கிடைப்பது கடினம். நீங்கள் வந்து இறங்கும் முதல் வாரத்திலேயே ஒரு டசினுக்குப் பதிலாக இரண்டு டசினாக வாங்கி வைக்கட்டும். அம்மாவுக்கும் கையில் வைத்துப் பார்க்க ஒன்று வேண்டுமல்லவா.